ஆட்சேபணை இல்லை

இங்கிலாந்துக்கு டிக்கெட் கேட்டு வருகிற வெள்ளைக்காரர்களில் இரண்டு ரகம் உண்டு என்பது, துபாய் தேராவில் ஒரு டிராவல்ஸ் கவுண்டரில் பத்து வருஷம் உட்கார்ந்து சேதுமாதவன் கண்டுபிடித்த உண்மை. முதல் ரகம் அங்கேயே பிறந்தவர்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போய்த்தான் ஆகணும்" என்று தலையெழுத்தை நொந்துகொண்டே டிக்கெட் கேட்பார்கள். கையோடு, திரும்பி வந்ததும் கோவாவுக்குப் போக முடியுமா என்றும் விசாரிப்பார்கள். இரண்டாவது ரகம் அமெரிக்கர்கள். அவர்கள் கதையே வேறு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போதே முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும்.

அவர்கள் கேட்பதும் விசித்திரமாகத்தான் இருக்கும். அரண்மனை, மணிக்கூண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்பார்கள். மீதி நாளுக்கு மழை பெய்கிற கிராமம் வேண்டும். கூரை போன கோட்டை வேண்டும். தலையைக் குனிந்து நுழைகிற மாதிரி தாழ்ந்த வாசல் உள்ள பழைய விடுதி வேண்டும். டெக்ஸாஸிலிருந்து எண்ணெய்க் கம்பெனிக்கு வந்த என்ஜினியர் ஒருவர், தன் குடும்பப் பெயர் வெட்டின கல்லறை எந்தச் சர்ச்சில் இருக்கிறதோ அந்தச் சர்ச் வாசலுக்கே பஸ் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"இடிஞ்சு கெடக்க செவரப் பாக்கவா வே இவ்வளவு தூரம் போறானுவ?" என்பார் முதலாளி கௌஸ் முகைதீன். "எங்க காயல்பட்டணத்துக்கு வரச் சொல்லும், தெருவுக்கு நாலு காட்டுதேன்."

கௌஸ் முகைதீன் பாய் தங்கமான மனுஷர், சும்மா சொல்லக்கூடாது. ஒரே ஒரு குறை, வியாபாரம் கைநழுவப் போகிறது என்று தெரிந்தால் அவர் வாயில் என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. அந்த டெக்ஸாஸ்காரர் யோசித்துக்கொண்டே எழுந்தபோது பாய் பாய்ந்து வந்து, "சார், நம்ம சேது லண்டன்ல நாலு வருஷம் இருந்தவரு. அங்க இண்டு இடுக்கெல்லாம் அத்துப்படி" என்று இங்கிலீஷில் ஒரு போடு போட்டார். சேதுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் திருநெல்வேலி டவுனை விட்டால் துபாய், துபாயை விட்டால் திருநெல்வேலி டவுன். துபாயைத் தாண்டி மேற்கே ஓர் அடி போனதில்லை. மறுக்க வாயைத் திறப்பதற்குள் டெக்ஸாஸ்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அது தொண்ணூற்றாறாம் வருஷம்.

பொய் சொன்னது பாய், சுமந்தது சேது. மனுஷர் கொஞ்சம் ரோஷக்காரர். இருந்ததாகச் சொல்லியாகிவிட்டது, இருந்தவனுக்குத் தெரிகிற அளவுக்காவது நமக்குத் தெரிய வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. அன்றுமுதல் போய்வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வார். கிழித்த ரயில் டிக்கெட், பஸ் நேர அட்டவணை, டீக்கடை பில், கசங்கின வரைபடம். எல்லாவற்றையும் பெரிய பேரீச்சம்பழ டப்பாவில் போட்டு மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். கடல் எந்தப் பக்கம் தெரிந்தது, பஸ் டிரைவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார், மழை எத்தனை மணிக்குப் பிடித்தது என்று தோண்டித் துருவுவார். கனவு கண்டுவிட்டு வந்தவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் கிடைத்தால் விடுவார்களா? உட்கார்ந்து கொட்டுவார்கள். இப்படியே பத்து வருஷத்தில், மேற்கே போகிற ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தால்தான் கடல் தெரியும், மதியம் இரண்டரை மணி தாண்டினால் கிராமத்துச் சத்திரத்தில் சோறு கிடைக்காது என்கிற அளவுக்கு அவருக்கு அந்த நாடு பழகிவிட்டது.

தொண்ணூற்றொன்பதில் நிஜமாகவே போக ஒரு வாய்ப்பு வந்தது. விமானக் கம்பெனி ஒன்று டிராவல்ஸ்காரர்களை ஒரு வாரம் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்தது. சேது கோட் தைத்தார். விசா கிடைக்கவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் ஒரு தாளை நீட்டினான். இவர் திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லை என்று அதில் அச்சடித்திருந்தது. ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போய், சொன்ன தேதிக்கு ஒரு நாள் தவறாமல் டூட்டிக்குத் திரும்பி வந்த மனுஷரைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை. "விடும் வே, அடுத்த வருஷம் பாப்போம்" என்றார் பாய். அடுத்த வருஷமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அந்த ஜன்னல் முன்னால் இன்னொரு தடவை போய் நிற்க சேதுவுக்கு மனசு வரவில்லை. கோட் இன்னமும் அலமாரியில் தொங்குகிறது.

இப்படி இருக்கும்போதுதான் லொரெய்ன் அம்மாள் வந்து சேர்ந்தார்.

அல் ஐனில் ஒரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பக்கம். அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் காட்சி இல்லை, கத்தரித்த நரைமுடி, ஆண்பிள்ளை மாதிரி நடை. ஏப்ரல் பிறந்தால் ஒன்றரை மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு தேராவுக்கு வந்துவிடுவார். இரண்டு வாரம் இங்கிலாந்து, அதே கிராமம், அதே விடுதி. சேது உட்கார்ந்து ரயில், பஸ் எல்லாம் கோத்து, விமானத்தில் சீட்டைப் பிடித்து வைப்பார். பிடித்த சீட்டுக்கு ஒரு கெடு உண்டு. அந்தத் தேதிக்குள் டிக்கெட் எடுக்காவிட்டால் சீட் போய்விடும். சொல்லிவைத்தாற்போலக் கெடு நாளன்று போன் வரும். "சேது, லீவு கிடைக்கவில்லை." மறு வருஷம், "சேது, முட்டி வலி." மூன்றாம் வருஷம் காரணம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்தாறு ஏப்ரலில் நான்காம் தடவையாக வந்தார். வழக்கமாக உட்கார்ந்ததும் வரைபடத்தைக் கேட்பவர், அன்றைக்குக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்கவே இல்லை. இரண்டு பேரும் பேசினது இங்கிலீஷில்தான். நமக்கு எதற்கு அந்த வம்பு, தமிழிலேயே கேட்போம்.

"ஆகஸ்ட்ல ரிட்டயர் ஆகிறேன் சேது. நெப்ராஸ்காவுக்கே போய் தங்கச்சி வீட்டோட இருக்கப் போறேன். அங்க போயிட்டா அப்புறம் எங்கயும் கிளம்ப மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்."

"அப்ப இன்னைக்கே டிக்கெட் எடுத்துடலாம் மேடம்."

"இருங்க. ஒரு உண்மையைச் சொல்லிடறேன். லீவு கிடைக்கலைன்னது பொய். முட்டி வலியும் பொய். எனக்குப் பயம்."

"விமானம்னா பயமா?"

"விமானத்துல என்ன பயம்? போய் இறங்கி, நான் நினைச்சிட்டிருக்கிற ஊர் அங்க இல்லைன்னா என்ன செய்யறது?" என்றார். அம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவர் மாதிரி குரல் தழைந்துவிட்டது. "எங்க ஊர்ல கண்ணுக்கெட்டின தூரம் சோளக்காடு. எல்லா ரோடும் நேர்கோடு. ஊர்லயே பழைய கட்டடம் தானியக் கிடங்கு, அதுக்கு எங்க அப்பா வயசு. வீட்டுல, பள்ளிக்கூடத்துல, சர்ச்சுல எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. நீ என்ன ஆகப் போறே? பன்னெண்டு வயசுல பல் டாக்டர் வீட்டுல உட்கார்ந்திருந்தப்ப சுவத்துல ஒரு காலண்டர். இங்கிலாந்துல ஏதோ கிராமம். கல்லு வீடு, மழை, ரெண்டு பக்கமும் செடிவேலி, நடுவுல ஒரு பாதை வளைஞ்சு போகுது. எதுக்கு வளையுதுன்னே தெரியல. எங்க ஊரா இருந்தா நேராக்கியிருப்பாங்க. அங்க யாருக்கும் அவசரமே இல்ல. எல்லாம் ஆகி முடிஞ்ச இடம். அங்க போனா என்னை யாரும் நீ என்ன ஆகப் போறேன்னு கேக்க மாட்டாங்கன்னு தோணிச்சு. அந்தப் பல்வலியிலயும் அப்படி ஒரு நிம்மதி."

சேது ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிரே நாலு கிரேன் நின்றன. போன மாசம் ரவுண்டானா இருந்த இடத்தில் இப்போது பள்ளம். துபாய் என்ன ஆகப் போகிறது என்று பெரிய பெரிய பலகையில் படம் போட்டு வைத்திருந்தார்கள். அவருடைய மகள் தன்யாவுக்குப் பதினைந்து வயசு. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்காரும்போதெல்லாம் அவளிடம் இதே கேள்வியைத்தான் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை அமெரிக்கர்கள் ஏன் இடிந்த சுவரைப் பார்க்க ஓடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

"நீங்க அங்க நாலு வருஷம் இருந்தவர்" என்றார் லொரெய்ன் அம்மாள். "படம் போட்ட புத்தகத்தை நான் நம்ப மாட்டேன். உங்களை நம்பறேன். சொல்லுங்க சேது, அது அங்க இருக்கா?"

இப்போதாவது சொல்லித் தொலை என்றது மனசு. சொன்னால் இந்த அம்மாள் எழுந்து போய்விடும், அப்புறம் எக்காலத்துக்கும் போகாது என்றது புத்தி. அறுபத்திரண்டு வயசு மனுஷி நேராக முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாயானால் கவலையே படாமல் அடித்து விட்டிருப்பார்.

"இருக்கு மேடம்" என்றார். "நான் அந்தப் பாதையில நடந்திருக்கேன்."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. மழை விட்டதும் வேலியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், நனைந்த ஆட்டுரோம வாசனை, பாதை வளைகிற இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்த சர்ச் கேட், அதைத் தூக்கினால்தான் திறக்கும் என்பது, பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவது. எல்லாம் அந்தக் கிராமத்துக்கு முன்னால் போய்வந்தவர்கள் சொல்லி டப்பாவில் சேர்ந்த சரக்குதான். லொரெய்ன் அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிக்கெட் போடுங்க" என்றார்.

போட்டுக் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். விதி, "அங்க போறப்ப என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். யாராவது கேட்டுவிட்டால் சேதுவுக்குக் குறை வைக்கத் தெரியாது. பாஸ்போர்ட் நகல் ஆறு, ரெசிடென்ஸ் விசா பக்கம் நகல் ஆறு, வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு, சம்பள சர்டிபிகேட், அல் ஐன் வீட்டு வாடகை ஒப்பந்தம், எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு என்.ஓ.சி. இவர் பயணம் போவதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று வேலை கொடுத்த ஸ்பான்சர் எழுதிக் கொடுக்கிற கடிதம். அதன் வாசகத்தையும் சேதுவே அடித்துக் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"இதெல்லாம் அங்க கேப்பாங்களா?" என்று அந்த அம்மாள் சந்தேகப்பட்டார்.

"விடுதிக்கு விடுதி கேப்பாங்க மேடம். கதவைத் திறந்ததும் ஃபைலை நீட்டிடுங்க, மரியாதையா இருக்கும். இங்கயே இந்தக் கெடுபிடின்னா, பேப்பர் கேக்கிற பழக்கத்தை உலகத்துக்கே சொல்லிக் குடுத்தவங்க அவங்க. அவங்க ஊர்ல சும்மா விடுவாங்களா?"

இதிலே சேதுவைக் குற்றம் சொல்ல முடியாது. கல்ஃபில் பதினெட்டு வருஷம். டிரைவிங் லைசென்ஸுக்கு என்.ஓ.சி., குடும்பத்தைக் கூட்டிவர என்.ஓ.சி., கம்பெனி மாற என்.ஓ.சி. யாராவது ஒருவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தராமல் மனுஷன் கதவைத் தட்டி உள்ளே போகிற ஒரு நாடு இருக்கும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. போய்வந்த அமெரிக்கர்களும் அதைச் சொன்னதில்லை. கேட்காத பேப்பரைப் பற்றி யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி சந்திரகலாவிடம் நடந்ததைச் சொன்னார். பாராட்டுவாள் என்று ஒரு நினைப்பு. அவள் மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"அந்தம்மா உங்கள நம்பி அழுதிருக்கு. நீங்க கூசாம நடந்தேன் கிடந்தேன்னு அளந்திருக்கீங்க. பாய் சொன்ன பொய்க்கு இத்தன வருசம் வாய மூடிட்டு இருந்தீங்க, சரி. இது நீங்க சொன்ன பொய்."

"இல்லைன்னா அந்தம்மா போகாது கலா."

"போயிட்டு வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அந்தக் கேள்வி ஜூன் மாசம் வரைக்கும் அவரைத் துரத்தியது. லொரெய்ன் அம்மாள் புறப்பட்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தச் சர்ச் கேட்டை மாற்றியிருப்பார்களோ, பஸ்ஸை நிறுத்தியிருப்பார்களோ, பாதையை நேராக்கித் தொலைத்திருப்பார்களோ என்று டப்பாவை எடுத்து ஒவ்வொரு துண்டாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஃபைலைப் பற்றி மட்டும் ஒரு கவலையும் இல்லை. அதில் ஒரு நகல்கூடக் குறையவில்லை.

திரும்பின மறுநாள் முற்பகலிலேயே லொரெய்ன் அம்மாள் வந்துவிட்டார். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி கொதிக்கிறது, இந்த அம்மாள் கையில் மழைக்கோட்டு. சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஃபைலை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தார். உள்ளறையிலிருந்து பாய் டீயோடு வந்து, "மேடம்! இங்கிலாந்து எப்படி?" என்றார்.

"சொல்றேன்" என்றார் லொரெய்ன் அம்மாள், சேதுவைப் பார்த்தே. "அந்த விடுதிக்காரி பேரு மிஸஸ் பெக். என்னைவிட பத்து வயசு மூத்தவங்க. கதவைத் திறந்தாங்க. நான் குட்மார்னிங்கூடச் சொல்லாம ஃபைலை நீட்டினேன். எட்டு போட்டோவையும் வரிசையா எடுத்துக் குடுத்தேன். அவங்க கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக் கடிதத்தை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சத்தமா வாசிச்சாங்க. லொரெய்ன் பயணம் போவதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. வாசிச்சிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, மாடிப்படியில உட்கார்ந்துட்டாங்க. எழுந்திருக்கவே முடியல."

பாய் டீயோடு ஓர் அடி பின்வாங்கினார்.

"யாரும்மா இதெல்லாம் கொண்டு வரச் சொன்னதுன்னு கேட்டாங்க. துபாய்ல ஒருத்தர், நாலு வருஷம் இங்க இருந்தவர்னேன். அவங்க சிரிப்பை நிறுத்திட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? அந்த மனுஷன் இங்க ஒரு நாள்கூட இருந்ததில்லம்மா. இருந்தவன் என் வீட்டு வாசல்ல உன்னை எட்டு போட்டோவோட நிக்க வெக்க மாட்டான்."

"மேடம், அது வந்து..." என்று பாய் ஆரம்பித்தார்.

"உங்களைக் கேக்கலை. சேது, நான் உங்க முன்னால உட்கார்ந்து அழுதேன். எங்க தங்கச்சிக்குக்கூடத் தெரியாததை உங்ககிட்டச் சொன்னேன். நீங்க அங்க இருந்தீங்களா, இல்லையா?"

பாய் கண்ணாலேயே கெஞ்சினார், ஏதாவது சொல்லிச் சமாளியும் என்று. சேது எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"இல்ல மேடம். போனதே இல்ல. பத்து வருஷமா பொய்யிலயே உட்கார்ந்திருக்கேன். ஒரு தடவை விசா கேட்டேன். திரும்பி வர மாட்டேன்னு சொல்லித் தரல. அப்புறம் கேக்கவே இல்ல. நீங்க கேட்ட அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க போக மாட்டீங்கன்னு பயம். தப்புதான். மன்னிச்சுருங்க." குனிந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். எல்லாம் உங்க ஊர்க்காரங்க கொண்டாந்து குடுத்தது."

லொரெய்ன் அம்மாள் டப்பாவுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டெக்ஸாஸ்காரருடைய பஸ் டிக்கெட். யாரோ டீச்சர் கொடுத்த ரயில் அட்டவணை. சாய்ந்த சர்ச் கேட்டைப் பென்சிலால் வரைந்து, தூக்கித் திறக்கவும் என்று எழுதின காகிதம். அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கோபமா, அழுகையா என்று சேதுவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இந்த கேட் அங்க இருக்கு" என்றார் கடைசியில். "தூக்கினாத்தான் திறக்குது. பாதை வளையுது. ஆட்டுரோம வாசனையும் இருக்கு. எனக்கு முன்னால போன எங்க ஆளுங்க பாத்ததைத்தான் நீங்க எனக்குச் சொல்லியிருக்கீங்க. நீங்க சொன்னதுல நடந்தேங்கிறது ஒண்ணுதான் பொய்."

"அது பெரிய பொய் மேடம்."

"பெரிய பொய்தான். எனக்கு இன்னும் ஆறலை." கைப்பையைத் திறந்து நீல உறை ஒன்றை எடுத்தார். "ஆனா ஒண்ணு முடிவு பண்ணிட்டு வந்தேன். மறுபடியும் இருந்தேன்னு சாதிச்சீங்கன்னா இதை உங்க முன்னாலயே கிழிச்சுப் போட்டுட்டுப் போறது. இல்லைன்னு சொன்னீங்கன்னா குடுத்துடறது. பிடிங்க."

உள்ளே கையால் எழுதின கடிதம். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. சேது நின்றபடியே வாசித்தார்.

'திரு. சேதுமாதவன் அவர்களுக்கு. உங்கள் பக்கத்தில் மனிதர்கள் எங்கே போக வேண்டுமானாலும் ஆட்சேபணை இல்லை என்று ஒருவர் எழுதித் தர வேண்டும் என லொரெய்ன் சொன்னாள். நான் சிரித்ததற்கு வருந்துகிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த வீடும், மாடியில் பின்பக்கத்து அறையும் எனக்குச் சொந்தம். நீங்களும் உங்கள் மனைவியும் மகளும் இங்கே வந்து என் விருந்தாளிகளாகத் தங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. லொரெய்ன் கொடுத்த போட்டோக்களில் ஒன்றை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். உங்களுடையதற்கும் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முத்திரை வேண்டுமென்று லொரெய்ன் சொன்னாள். என்னிடம் தபால்தலைதான் இருந்தது.'

கடிதத்தின் கீழே, கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு தபால்தலை ஒட்டியிருந்தது.

பதினெட்டு வருஷத்தில் எத்தனை என்.ஓ.சி. அடித்திருப்பார். எத்தனை பேர் மேஜை முன்னால் நின்று, நாளைக்கு வா, நாளன்னிக்கு வா என்று அலைக்கழித்த பிறகு வாங்கியிருப்பார். கேட்காமல் ஒருவர் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் எந்த நாடு நம்ப முடியவில்லை என்று தாளை நீட்டியதோ, அங்கேயிருந்து. சேது இரண்டாம் தடவை வாசிக்கப் பார்த்தார். எழுத்து கலங்கிவிட்டது. நாற்பத்தாறு வயசு மனுஷர், கவுண்டரில் வைத்துக் குழந்தை மாதிரி அழுதார்.

லொரெய்ன் அம்மாள் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போய்ட்டு வந்து அந்த ஊர் பஸ் டிக்கெட் ஒண்ணை எனக்கு நெப்ராஸ்காவுக்கு அனுப்புங்க" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "இடது பக்கம் உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் ஆறிப்போன டீயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். பிறகு அதைக் கவுண்டர்மேல் வைத்தார்.

"வே சேது. நம்ம லெட்டர்ஹெட்ட எடும்."

"எதுக்கு பாய்?"

"விசா கேக்கணும்னா கம்பெனி என்.ஓ.சி. வேண்டாமா? நான் சொல்லுதேன், நீரு அடியும். பதினெட்டு வருசமா கல்ஃப்ல இருக்காரு. ஒவ்வொரு லீவுக்கும் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்துருக்காரு. அடிச்சீரா?"

"அடிச்சாச்சு பாய். இது போதும்."

"பொறும் வே, சொல்லி முடிக்கல. பத்து வருசமா இந்த மனுசன் ஊரு உலகத்துக்கெல்லாம் இங்கிலாந்த வித்துருக்காரு. அவரு ஒரு நாள்கூட அதப் பாத்தது கெடையாது. பாத்தாருன்னு சொன்னது நாந்தான், அது பொய். அதையும் போடும்."

"அதெல்லாம் யாரும் என்.ஓ.சி.யில போட மாட்டாங்க பாய்."

"நம்ம போடுவோம். அவரு போறதுல எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. முடிச்சிரும்."

சேது அடித்தார். இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது, திருத்தினார். பாய் கையெழுத்துப் போட்டு, முத்திரையை மையில் அழுத்தி ஒரு தடவை குத்தினார். சரியாக விழவில்லையோ என்று பக்கத்தில் இன்னொரு தடவையும் குத்தினார்.

"பாய், விசா குடுப்பாங்களா?"

"அது எனக்குத் தெரியாது வே. நீரு திரும்பி வருவீரு, அது எனக்குத் தெரியும்." பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "போட்டோ எடுத்துட்டீரா?"

"இல்ல பாய்."

"போய் எடும். எட்டு எடும். விசாவுக்கு ரெண்டு, அந்தக் கிழவி ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணு. மிச்சம் எதுக்கும் கையில இருக்கட்டும்."

சேது முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, பக்கத்து சந்து ஸ்டூடியோவுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பினார்.